மாதம் 2,000 ரூபாய்: சீட்டிலா, நகைக்கடையிலா, தபாலாபீசிலா, குழுவிலா?

“அக்கா, ஓவர்டைம் நின்னு போச்சு. இருந்தாலும் இறுக்கிப் புடிச்சா மாசம் ரெண்டாயிரம் நிக்குதுங்க. இதை எதுல போடறது?”

எங்கள் லைன் வீட்டில் மூன்றாவது கதவு அவளுடையது. பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியபின் திருப்பூரில் பல கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது. சில வாரங்களில் நாலு நாள் வேலைதான். நான் வேறொரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை சம்பளக் கவர் போடுவது என் வேலை என்பதால் கவர் எவ்வளவு மெலிந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவள். அந்த மெலிந்த கவரிலிருந்தும் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் எதை வைத்து அளப்பது

வழக்கமாக “எதுல அதிகம் வரும்?” என்றுதான் ஆரம்பிப்போம். வேலை நிச்சயமாக இருக்கும் வீட்டுக்கு அது சரி. நாலு நாள் வேலை நடக்கும் வீட்டில் நான் கேட்கும் வரிசை வேறு.

ஒன்று, கட்ட முடியாத மாதம் வந்தால் என்ன ஆகும்? இரண்டு, ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் எத்தனை நாளில் பணம் கைக்கு வரும், எவ்வளவு வெட்டிக்கொண்டு வரும்? மூன்று, பணம் யார் கையில் இருக்கிறது, அந்த ஆள் கைவிரித்தால் நான் போய் நிற்க ஒரு கதவு உண்டா? நான்கு, சோம்பல்பட்டாலும் நம்மைக் கட்ட வைக்குமா? ஐந்தாவதாகத்தான் வட்டி. மாதம் 2,000 போடும்போது ஒரு சதவீத வட்டி வித்தியாசம் வருடத்துக்கு 130 ரூபாய்தான். ஒரு தவணை தவறியதால் போகும் சலுகையும், அவசரத்துக்கு வாங்கும் வாரவட்டியும் அதைப்போலப் பல மடங்கைத் தின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: ஏற்கெனவே வட்டி கட்டுகிறீர்களா?

நூற்றுக்கு மூன்று வட்டியில் 20,000 ரூபாய் வாங்கியிருந்தால் மாதம் 600, வருடத்துக்கு 7,200 ரூபாய் வட்டிக்கே போகிறது. அதே வருடத்தில் மாதம் 2,000 ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்புக் கணக்கு) போட்டால் கிடைக்கும் வட்டி 900 ரூபாயைக்கூடத் தொடாது. வாரவட்டி இன்னும் கொடுமை. 10,000 என்று எழுதி 9,000 கையில் கொடுத்து, வாரம் 1,000 வீதம் பத்து வாரம் வாங்குகிறார்கள். “ஆயிரம்தானே” என்று தோன்றும். அசல் வாரா வாரம் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் அது வருடத்துக்கு 100 சதவீதம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் சனிக்கிழமை மாலை கம்பெனி வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறவர்களை நான் இன்றும் பார்க்கிறேன்.

இப்படிக் கடன் இருக்கும்வரை மிச்சமாகும் 2,000 முழுவதும் அதற்கே போகட்டும். அதைவிட நல்ல சேமிப்பு உங்களுக்கு எங்கும் கிடைக்காது. கடன் இல்லாதவர்கள் மேலே படியுங்கள்.

ஏலச்சீட்டு

நம் ஊரில் பெண்கள் முதலில் நினைப்பது சீட்டைத்தான். அதற்குக் காரணமும் உண்டு. ஆர்.டி.யில் பணம் சேர்ந்தால்தான் எடுக்கலாம். சீட்டில் சேருவதற்கு முன்னாலேயே எடுக்கலாம். போக்கியத்துக்கு வீடு பிடிக்க, சொந்தமாக ஒரு மெஷின் வாங்க, பிள்ளையைக் காலேஜில் சேர்க்க மொத்தத் தொகை வேண்டும் என்றால் வேறு யாரும் இவ்வளவு சுலபமாகத் தருவதில்லை. சீட்டுக்குப் பயந்து பணம் கட்டுகிற மாதிரி நாம் எதற்கும் கட்டுவதில்லை என்பதும் உண்மை. நாலாவது அளவுகோலில் சீட்டுக்குத்தான் முதலிடம்.

கணக்கைப் பார்ப்போம். 20 பேர், 20 மாதம், ஆளுக்கு 2,000, சீட்டுத் தொகை 40,000. இரண்டாம் மாத ஏலத்தில் ஒருவர் 12,000 தள்ளி எடுக்கிறார். அவர் கைக்கு 28,000. தள்ளிய 12,000-ல் நடத்துபவர் கமிஷன், சீட்டுத் தொகையில் 5 சதவீதம், அதாவது 2,000 போக, மீதி 10,000-ஐ 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 500. இதைத்தான் கழிவு என்கிறோம். அந்த மாதத் தவணை 1,500 கட்டினால் போதும். மாதங்கள் போகப் போகத் தள்ளு குறையும், கழிவும் குறையும். சராசரியாக 300 கழிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் மாதம் எடுத்தவர் அதற்குள் 3,500 கட்டியிருப்பார். ஆக அவர் உண்மையில் வாங்கிய கடன் 24,500. மீதி 18 மாதம் 1,700 வீதம் 30,600 கட்டுகிறார். மாதத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டரை வட்டி. “சீட்டு எடுத்தேன், வட்டியே இல்லை” என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். கடைசிவரை காத்திருந்து எடுப்பவர் சுமார் 34,300 கட்டி 38,000 வாங்குவார். வருடத்துக்கு 13 சதவீதம் பக்கம் வரும். பார்த்தால் தபாலாபீசைவிட இரட்டிப்பு.

ஆனால் நெருக்கடிக் காலத்துக்கென்று சீட்டில் ஒரு குணம் இருக்கிறது. எல்லோருக்கும் பணமுடை என்றால் ஏலத்தில் போட்டி கூடும், தள்ளு ஏறும். காத்திருப்பவருக்குக் கழிவு நிறைய வரும், “இந்தச் சீட்டு நல்லா போகுது” என்று பேச்சு வரும். எடுத்தவர்கள் தவணையை நிறுத்தத் தொடங்குவதும் அதே மாதங்களில்தான். கழிவு அதிகமாக வருகிறதே என்று மகிழ்கிற நேரத்தில்தான் கடைசிச் சீட்டுக்காரரின் பணம் ஆபத்தில் இருக்கிறது.

2018-ல் எனக்கு நடந்தது அதுதான். தெருவில் ஒருவர் பிடித்த 20 மாதச் சீட்டில் 17 தவணை கட்டியிருந்தேன். மகளின் காலேஜுக்காகக் கடைசிச் சீட்டை எடுக்கலாம் என்று இருந்தேன். ஒரு திங்கட்கிழமை அந்த வீடு பூட்டியிருந்தது. என்னிடம் இருந்தது ஒரு சின்ன அட்டை. அதில் மாதத்துக்கு ஒரு டிக். கையெழுத்துகூடக் கிடையாது. போலீஸ் ஸ்டேஷனில் அந்த அட்டையை நீட்டியபோது எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அதனால் சீட்டு என்றால் பதிவுச் சீட்டு மட்டும். 1982-ம் வருடச் சிட்பண்ட் சட்டப்படி, ஆரம்பிக்கும் முன்பே பதிவுத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடு கட்ட வேண்டும். நமக்குச் சீட்டு ஒப்பந்தத்தின் நகல் தர வேண்டும். ஒவ்வொரு ஏலத்துக்கும் நடவடிக்கைக் குறிப்பு எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். கமிஷன் உச்சவரம்பு 2019 திருத்தத்தில் 5-லிருந்து 7 சதவீதமானது. எனவே சேரும்போதே எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். எடுக்கிற அன்று ஜாமீன் கேட்பார்கள். சம்பள ரசீது உள்ள ஆள்தான் ஜாமீன் என்றால், பீஸ் ரேட்டில் வேலை செய்யும் நமக்கு அப்படி ஒருவரைத் தேடுவதே பெரிய பாடு. இதைச் சேரும் நாளில் யாரும் சொல்வதில்லை.

தீபாவளிச் சீட்டு பற்றி ஒரே வரி: வருடம் முழுக்கக் கட்டி, பட்டாசும் இனிப்பும் பாத்திரமும் வாங்குவதற்கு, அதே பணத்தை டப்பாவில் போட்டு வைத்தாலே போதும்.

நகைக்கடைச் சீட்டு

2025 தொடக்கத்தில் பவுன் 57,000 ரூபாய்ப் பக்கம் இருந்தது. அந்த டிசம்பரில் லட்சத்தைத் தாண்டியது. பெண் பிள்ளை உள்ள வீட்டில் வயிற்றைக் கலக்காமல் இருக்குமா? நகைக்கடையில் மாதாமாதம் கட்டுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதில் இரண்டு வகை. ஒன்றில் கட்டும் பணம் பணமாகவே சேரும், கடைசியில் அன்றைய விலைக்கு நகை. இன்னொன்றில் கட்டுகிற அன்றைய விலையில் கிராமாக வரவு வைப்பார்கள். விலை ஏறும் காலத்தில் இரண்டாவது வகைதான் நமக்குச் சாதகம். “எனக்குக் கிராம் வரவாகுதா, ரூபாய் வரவாகுதா?” என்று கேட்டு அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். 11 மாதம் என்று வைப்பதற்கும் காரணம் உண்டு. பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்கு மேல் வைத்திருந்தால் கம்பெனிச் சட்ட விதிகளின்படி அது டெபாசிட் ஆகிவிடும், அதற்கான கட்டுப்பாடுகளும் வந்துவிடும்.

லாபம் என்பது சேதாரத் தள்ளுபடி. மாதம் 2,000 வீதம் 11 மாதம், 22,000. கிராம் 12,500 என்றால் 3 சதவீத ஜி.எஸ்.டி. போக 1.7 கிராம் நகை. 12 சதவீதச் சேதாரம் தள்ளுபடியானால் மிச்சம் சுமார் 2,500 ரூபாய். எப்படியும் நகை வாங்கத்தான் போகிறோம் என்றால் இது நல்ல தொகை.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்கிறேன். பணமாகத் திரும்பக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது, நகையாகத்தான் தருவார்கள். இரண்டாவது அளவுகோலில் இது தோற்றுவிடுகிறது. ஒரு மாதம் தவறினால் தள்ளுபடி போய்விடும், அல்லது முதிர்வு தள்ளிப்போகும். சேதாரத் தள்ளுபடிக்கு ஒரு வரம்பு இருக்கும், நமக்குப் பிடித்த டிசைன் அந்த வரம்புக்கு மேலே இருக்கும். 1.7 கிராமுக்கு அழகான பொருள் அமையாமல் 3 கிராமுக்குக் கைப்பணம் போட்டு வாங்கி வருவோம். இது எல்லோருக்கும் நடப்பது. கல் வைத்த நகையில் கல்லின் எடையைத் தனியே எழுதச் சொல்ல வேண்டும். ஹால்மார்க்கோடு, ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும் ஆறு எழுத்து எச்.யூ.ஐ.டி. அடையாள எண் 2023 ஏப்ரலிலிருந்து கட்டாயம். அந்த எண் பில்லிலும் இருந்தால் நல்லது.

கடை மூடிவிட்டால்? பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். முதலீட்டாளர் நலனுக்காகத் தமிழ்நாட்டில் 1997-ல் வந்த சட்டத்தின் கீழ்க் கோவையில் தனி நீதிமன்றமே இருக்கிறது. ஆனால் வழக்கு முடிந்து பணம் வர வருடங்கள் ஆகும், அதுவும் கடைக்காரரின் சொத்தை விற்று வந்தவரைதான்.

தபாலாபீஸ் ஆர்.டி.

நூறு ரூபாயிலிருந்து போடலாம். ஐந்து வருடம். வட்டி 2023 அக்டோபரிலிருந்து 6.7 சதவீதம். கணக்கு தொடங்கிய நாளின் வட்டியே கடைசிவரை. மாதம் 2,000 என்றால் கட்டுவது 1,20,000, வருவது சுமார் 1,42,700. மத்திய அரசின் பொறுப்பு என்பதால் மூன்றாவது அளவுகோலில் இதற்கு இணை இல்லை. ஏஜென்ட் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போனாலும் கமிஷனை அஞ்சல் துறைதான் கொடுக்கிறது. நாம் தர வேண்டியதில்லை. பாஸ்புக்கில் பதிவாகிறதா என்பதை மட்டும் மாதாமாதம் பார்க்க வேண்டும்.

கட்ட முடியாத மாதத்துக்கு அபராதம் நூற்றுக்கு ஒரு ரூபாய். 2,000-க்கு 20 ரூபாய். இவ்வளவு இரக்கமான அபராதம் வேறெங்கும் நான் பார்க்கவில்லை. நாலு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும், அதற்குப்பின் இரண்டு மாதத்துக்குள் கட்டினால் உயிர் பெறும்.

குறை இரண்டாவது அளவுகோலில். மூன்று வருடம் ஆகாமல் முடிக்க முடியாது. அதன்பின் முன்கூட்டி முடித்தால் சேமிப்புக் கணக்கு வட்டிதான், 4 சதவீதம். 12 தவணை கட்டியபின் இருப்பில் பாதிவரை கடன் தருவார்கள், ஆர்.டி. வட்டிக்கு மேல் 2 சதவீதம் கூட, அதாவது 8.7. மூன்று வட்டிக்கு ஓடுவதோடு ஒப்பிட்டால் அது கடனே அல்ல என்று சொல்லத் தோன்றுகிறது.

இதற்கு நான் சொல்லும் வழி: 2,000-க்கு ஒரு கணக்கு தொடங்காமல் 1,000-க்கு இரண்டு தொடங்குங்கள். எத்தனை கணக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வேலை குறைந்த மாதத்தில் ஒன்றை மட்டும் கட்டலாம். பிற்பாடு உடைக்க வேண்டி வந்தாலும் ஒன்றை மட்டும் உடைக்கலாம்.

வங்கி ஆர்.டி. என்றால் ஆறு மாதம், ஒரு வருடம் என்றுகூடப் போடலாம். நடுவில் முடித்தால் வட்டியில் கொஞ்சம் வெட்டிக்கொண்டு தந்துவிடுவார்கள். வங்கியே விழுந்தாலும் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம்வரை காப்பீடு உண்டு. வேலை எப்போது நிற்கும் என்று தெரியாதவர்களுக்கு ஐந்து வருடத்தைவிட இது பொருத்தம்.

மகளிர் குழு

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் அரசு வழி குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு (விவசாய, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி) குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. குழுவில் நாம் போடும் சேமிப்பு சிறியது, மாதம் 100, 200 என்ற அளவு. அதனால் 2,000 முழுவதையும் இங்கே போட முடியாது. குழு தருவது வேறு ஒன்று. ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் காலையில் குழுத் தலைவியிடம் போய் 5,000 கேட்கலாம். ஒரு வட்டி, ஒன்றரை வட்டி. அந்த வட்டியும் நம் குழுவுக்கே வரும்.

செலவு என்னவென்றால் நேரமும் பொறுப்பும். கூட்டத்துக்குப் போக வேண்டும். வங்கிக் கடனை ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் ஏற்க வேண்டும். நம் பகுதியில் இன்னொரு குழப்பமும் உண்டு. தனியார் நிதி நிறுவனம் பத்துப் பெண்களை உட்கார வைத்துக் கடன் கொடுத்து வாரா வாரம் வசூலிப்பதையும் “குழு” என்றே சொல்கிறோம். அதில் சேமிப்பு கிடையாது, கடன் மட்டும்தான். பெயரில் ஏமாறாதீர்கள். நம் பேரில் சேமிப்புக் கணக்கும், நாமே எழுதும் தீர்மானப் புத்தகமும் இருந்தால்தான் அது சுயஉதவிக் குழு.

ஒரே பார்வையில்

| | தவணை தவறினால் | அவசரத்துக்கு | பணத்துக்குப் பொறுப்பு | எதிர்பார்க்கக்கூடியது |
|---|---|---|---|---|
| பதிவு ஏலச்சீட்டு | கழிவு போகலாம். எடுத்தவர் என்றால் ஜாமீன்தாரருக்கும் சிக்கல் | ஏலத்தில் எடுக்கலாம், விலை இரண்டரை வட்டிவரை | நடத்துபவர், பதிவுத்துறைக் கண்காணிப்பு | கடைசியில் எடுத்தால் அதிகம், முதலில் எடுத்தால் நட்டம் |
| நகைக்கடைச் சீட்டு | தள்ளுபடி போகும் அல்லது நாள் தள்ளும் | பணமாக வராது | கடை மட்டும் | சேதாரம் மிச்சம்; கிராம் வரவானால் விலையேற்றமும் |
| தபாலாபீஸ் ஆர்.டி. | நூற்றுக்கு 1 ரூபாய் | 12 தவணைக்குப்பின் பாதிவரை கடன் | மத்திய அரசு | 6.7 சதவீதம் |
| வங்கி ஆர்.டி. | சிறு அபராதம் | எப்போதும் முடிக்கலாம், வட்டி குறையும் | 5 லட்சம்வரை காப்பீடு | வங்கிக்கு வங்கி மாறும் |
| மகளிர் குழு | கூட்டத்தில் பேசித் தீர்க்கலாம் | உடனே கடன் | குழுவினர் அனைவரும் | சிறு சேமிப்பு, குறைந்த வட்டிக் கடன் |

யாருக்கு எது

மாதச் சம்பளம் பிடித்தமில்லாமல் வரும் வீடு, ஒன்றரை வருடத்தில் போக்கியத்துக்கு மொத்தப் பணம் வேண்டும் என்றால் பதிவுச் சீட்டு. எடுப்பது பாதிக்குமேல் போனபின் என்று மனதில் உறுதி வேண்டும்.

இரண்டு மூன்று வருடத்தில் கல்யாணம் வைத்திருப்பவர்கள், கிராமாக வரவு வைக்கும் நகைச் சீட்டில் மிச்சத்தில் பாதியைப் போடலாம். முழுவதையும் வேண்டாம். வீட்டில் அவசரம் வந்தால் அந்த நகையையே அடகுக்குக் கொண்டுபோக வேண்டி வரும்.

வாரச் சம்பளம், பீஸ் ரேட், நாலு நாள் வேலை என்றிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு, முதலில் ஒரு மாதச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஆகும் தொகை சேமிப்புக் கணக்கில் நிற்கட்டும். அந்தக் காலத்தில் பாட்டிமார் சிறுவாட்டுப் பணமாக அரிசிப் பானையில் வைத்தது இதைத்தான். அது நின்றபிறகு ஆர்.டி. கூடவே ஒரு நல்ல குழு.

மூன்றாவது கதவுக்காரியிடம் நோட்டை விரித்துக் கணக்குப் போட்டபோது வாரவட்டியில் இன்னும் 4,000 பாக்கி இருப்பது தெரிந்தது. முதல் இரண்டு மாதம் மிச்சம் அதற்கே. பிறகு 1,000 சேமிப்புக் கணக்கில், 1,000 தபாலாபீஸ் ஆர்.டி.யில். தேதியையும் அவளுக்குக் குறித்துக் கொடுத்திருக்கிறேன். ஆர்.டி.யை மாதம் 15-க்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். 16-ம் தேதியிலிருந்து தொடங்கினால் மாதத்தின் கடைசி வேலை நாள்வரை நேரம் உண்டு. அவளுக்கு அதற்குள் இன்னும் இரண்டு சனிக்கிழமைக் கவர் வந்துவிடும்.